கொம்புக்குப் பக்கத்தில் ஒரு சைபர்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

சுரங்கத்தில் வேலை பார்த்த எங்கள் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்தோம். இப்போது அவர் இல்லை. நானும் மகனும் மருமகளும்தான். மகனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மருமகள் கம்மாபுரம் பக்கத்துப் பெண், கல்லூரியில் கணக்குப் படித்தவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து வேலை தேடிக்கொண்டே இருந்தாள். ஒன்று, கூப்பிட்ட இடம் தூரமாக இருக்கும். இல்லையென்றால் பதிலே வராது.

கடைசியில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருவதாகச் சொன்னது. பள்ளிக்கூடக் கணக்குகளைப் பிள்ளைகள் போனில் படிக்கிற மாதிரி இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். நோட்டில் போடுவது போல அங்கே போட முடியாதாம். கோட்டுக்கு மேலே இது, கீழே இது என்று ஒவ்வொன்றையும் இங்கிலீஷ் குறிச்சொல்லில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து மெஷின் கணக்கை வரைந்து காட்டும். எதிரில் இல்லாதவளுக்குப் போனில் சொல்லிச் சொல்லிக் குழம்பு வைக்க வைப்பது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாதிரிக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். சாயந்திரம் ஐந்துக்குள் சரியாக வந்தால் வேலை இவளுக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு.

அன்றைக்கு மகன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இருப்பது ஒரே அறை. பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தேன். மத்தியானம் அவள் அனுப்பிய பக்கம் திரும்பி வந்துவிட்டது. சரிபார்க்கிற ஆள் வடக்கத்தியர், தமிழ் தெரியாது. வேகம், தூரம், நேரம் கணக்கில் தேவையில்லாத சைபர்கள் இருப்பதாக எழுதியிருந்தார். அவள் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கம்ப்யூட்டரில் ஒரு சைபரும் அதிகமில்லை. மறுபடி அனுப்பினாள். அதே பதில் வந்தது.

மகன் புரண்டு படுத்து, “கணக்குல சைபர் வாங்குனவன் நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்” என்றான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்: “இதுவும் போச்சுன்னா இனிமே யாரையும் வேல கேக்கப் போறதில்ல அத்த.”

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ஆறுதல் சொல்லப் போய் அதுவும் தப்பாகிவிடுமோ என்று கதவோரம் நின்றேன்.

போனில் வேறு மாதிரி தெரிகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவள் போனிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு நெட் போய்க்கொண்டிருந்தது, அதைத் தொடப் பயம். என் போனில் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். “நான் இங்க பாத்துகினே வரேன். நீங்க அதுல இருக்கறத அப்படியே படிங்க.”

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். “வ... அப்புறம் ஒரு கொம்பு... கொம்புக்குப் பக்கத்துல சைபர்... க...”

“இன்னா சைபரு?”

“புள்ளி புள்ளியா வட்டம் போட்ட சைபரும்மா.”

போனைப் பிடுங்கிப் பார்த்தாள். வேகம் என்கிற சொல் உதிர்ந்து கிடந்தது. வ தனியாக, கொம்பு தனியாக. ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காத கொம்புக்கும் மேல்புள்ளிக்கும் மெஷினே ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தது. தமிழ் தெரியாத அந்த ஆளுக்கு அது சைபர். தமிழ் தெரிந்த எனக்கும் சைபர்தான்.

கணக்குக்குள் வருகிற எழுத்தையெல்லாம் எக்ஸ், ஒய் போலத் தனித்தனி என்று மெஷின் எடுத்துக்கொள்ளுமாம். இது சொல், பிரிக்காதே என்று அதற்கு ஒரு குறிச்சொல் போட்டு, வளைந்த அடைப்புக்குள் வைக்க வேண்டுமாம். அவள் கம்ப்யூட்டரில் மட்டும் எப்படியோ ஒட்டித் தெரிந்திருக்கிறது.

ஐந்தடிக்க அதிக நேரமில்லை. பக்கம் முழுக்கத் தமிழ்ச் சொல். அவள் ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற நான் போனில் படித்துச் சொன்னேன். ஓரிடத்தில் அடைப்பை மூட மறந்து, கணக்கே காணாமல் போய், சிவப்பில் ஏதோ வந்தது. தேடிப் பிடித்து மூடினாள். மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அனுப்பினாள். அதற்கப்புறம்தான் ஐந்து தாண்டியது. பதில் இல்லை. சாப்பிடாத சோறு மூடியபடி இருந்தது. பிறகு அவள் போன் ஒரு சத்தம் போட்டது. படித்துவிட்டு அதை மகன் கையில் கொடுத்து, குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“எடுத்துகினாங்கம்மா” என்றான் அவன்.

“பர்மனென்ட்டாடா?” என்று கேட்டேன்.

“கான்ட்ராக்ட்தான். இப்ப நம்ம வூட்ல ரெண்டு கான்ட்ராக்ட்டு.”

குழாயடியிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்த வட்டம் வந்ததற்கு நான் எழுதிய காரணம், மருமகள் சொன்னதில் எனக்குப் புரிந்த அளவுதான். அடைப்புக்குறி வளைந்ததுதானா என்பதும் உறுதியில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தரம் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது.