மங்குகிற மையும் மங்காத மையும்

போட்டோ அடிக்கிற தொழிலில் மெசினைப் பழகிக்கொள்ளலாம். படம் வாங்க வருகிற ஆளைப் பழகத்தான் காலம் போதாது. கல்முனையில் எனக்கொரு சின்னக் கடை. என்னைப் போல விரலெல்லாம் மையாகி, அடைத்துப்போன பிரின்டரைக் கழுவிக்கொண்டிருக்கும் சகோதரங்களுக்கு நான் சொல்லப்போவது புதுசாக இராது. மற்றவர்களுக்கு ஒரு விளக்கம்: மை ரெண்டு வகை. டை மை, தேத்தண்ணியில் சீனி மாதிரிக் கரைந்தது. தாளுக்குள் இறங்கிவிடும். நிறம் பளீரென்று இருக்கும், ஆனால் வெயிலில் மங்கும், தண்ணீரில் கரையும். பிக்மென்ட் மை நுண்ணிய தூள். தாளின் மேலேயே குந்தியிருக்கும். கனகாலம் நிற்கும். பளபளப்புக் கொஞ்சம் குறைவு, உரசினால் தேயும்.

குசினி யன்னல்

சாய்ந்தமருதில் இருந்து ஒரு ராத்தா வந்தார். புருஷனுக்குக் கட்டாரில் கட்டட வேலை. அவர் விமான நிலையத்தில் நிற்கிற படத்தை டை மையில் நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். சோறாக்கும்போது பார்க்கவென்று அதைக் குசினி யன்னலில் வைத்திருக்கிறார். வெயில் பட்டுப் பட்டு முகத்திலிருந்த சிவப்பெல்லாம் போய், ஆள் காமாலை வந்தவர் போல ஆகிவிட்டார். "இவருக்கு ஏதும் வருத்தமோ எண்டு கோல் எடுத்தும் கேட்டன்" என்றார் ராத்தா.

பிக்மென்டில் ஒன்று அடித்துக் காட்டினேன். முகம் சற்று இருண்டுதான் விழுந்தது. எனக்குத் திருப்தியில்லை. "டையிலயே திரும்ப அடிச்சித் தாறன், அலுமாரிக்குள்ள வெச்சிக்கொள்ளுங்க" என்றேன். அவர் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அலுமாரிக்குள்ள வெச்சா நான் எப்ப பாக்கிற? அங்கத்த வெயில்ல நிக்கிற மனிசன் இப்ப இப்பிடித்தான் கறுத்திருப்பாரு, இதையே தாங்க."

ஆழ்கடலுக்குப் போன படம்

மருதமுனைக்காரர் ஒருவர், இளந்தாரி. ஆழ்கடல் படகில் போகிறவர். போனால் கிழமைக் கணக்கில் கரையைக் காணமாட்டார். பிறந்து கொஞ்ச நாளேயான மகளின் படத்தைக் கேட்டு வந்தார். வேறிடத்தில் அடித்த படம் உப்புத்தண்ணீர் பட்டு, பிள்ளையின் முகம் கரைந்து ஓடிவிட்டதாம். கடலுக்குப் பிக்மென்ட்தான் சரியென்று அதில் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த தடவை கரைக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தண்ணீர் ஒன்றும் செய்திருக்கவில்லை. ஆனால் பிள்ளையின் ஒரு கன்னம் மட்டும் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. "உடுப்புப் பெட்டிக்குள்ள உரசியிருக்கும். டையில அடிச்சி, மேலால பிளாஸ்டிக் ஒட்டித் தாறன், ஒண்டும் ஆகாது" என்றேன். அவர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்:

"பிளாஸ்டிக் வேணாம் காக்கா. பெட்டி உரசல்ல, என்ட பெருவிரல்தான் தேச்சிப்போட்டுது. முந்தின மாதிரியே இன்னொண்டு அடிங்க."

அந்தப் பச்சை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று தன் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் இருக்கிறார். வீட்டிலிருந்த படங்களெல்லாம் வீட்டோடு போய்விட்டன. சம்மாந்துறையில் தங்கச்சி வீட்டில் மட்டும் பெருநாளன்று எடுத்த ஒரு படம் தப்பியிருந்தது. பழசாகி, முழுக்கச் செம்மண் நிறம். கணினியில் ஏற்றி நிறம் திருத்த உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் கதிரை போட்டுக் குந்தினார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைத்தான் காட்டினார். "இது பச்சை, தம்பி. நாவிதன்வெளிப் பக்கம் வயல் புதுசா முளைச்சிவரக்குள்ள ஒரு பச்சை இரிக்குமே, அது. நான்தான் துணி எடுத்துத் தச்சன்."

ரெண்டு மையிலும் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிக்மென்ட் பச்சை நல்லதுதான், ஆனால் முற்றிய பயிர் மாதிரி இருந்தது. டை பச்சையைக் கண்டதும் அவர் கை தானாக அதன் மேல் போயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. இது சில வருஷத்தில் மங்கிவிடும், மற்றது உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மங்கட்டும் தம்பி. மங்கினா திரும்ப வாறன். ஊட்ட இப்ப ஒருத்தரும் அவளப்பத்திக் கதைக்கிறல்ல, உங்கிட்டயாவது வந்து கதைக்க எனக்கொரு சாட்டு வேணும்தானே."

பொத்துவில் பஸ்

கடைசியாக என் வீட்டு விஷயம். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவது வழமை. என் மூத்த மகன் பொத்துவிலுக்குப் போனான். அவன் படுக்கிற அறையை என் மனைவி இன்னும் கூட்டித் துடைத்துத்தான் வைத்திருக்கிறாள். எதற்கென்று நானும் கேட்பதில்லை. ஊருக்கெல்லாம் படம் அடிக்கிறோம், இவளுக்கு ஒன்று அடிக்கக்கூடாதா என்று தோன்றி, மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் சிரிக்கிற படத்தை டையில் ஒன்று, பிக்மென்டில் ஒன்று அடித்துக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் சுவரில் ஆள் படம் கொழுவுவதில்லை. "அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினா வெளிச்சம் படாது, டையே போதும்" என்று யோசனையும் சொன்னேன்.

அவள் ரெண்டையும் வாங்கி, முந்தானையால் துடைத்து, என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"எந்த மையிலயும் வேணாம். நாளைக்கு விடிய என்னப் பொத்துவில் பஸ்ஸில ஏத்தி உடுங்க, நான் ஆளையே பாத்துட்டு வாறன்."

ஆகவே சகோதரங்களே, ரெண்டு மையையும் நான் கடையில் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு வித்தியாசத்தை விளக்கமாகச் சொல்கிறேன், அவர்களும் மரியாதையாகக் கேட்டுவிட்டு நான் சொல்லாததைத்தான் கொண்டுபோகிறார்கள்.