போர்மேன் தணிகாசலமும் வளைகிற தூண்டில் கம்பும்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை மானாம்பதியில் ஒரு மின்கம்பத்தின் மேல் இருந்தேன். சட்டைப் பையில் செல்போன் விடாமல் அடித்தது. வேலையை முடித்து இறங்கித்தான் எடுத்தேன். கம்பத்தில் இருக்கும்போது எதற்கும் கவனம் திரும்பக் கூடாது என்பது எங்கள் போர்மேன் தணிகாசலம் போட்ட சட்டம். பேசியவர் அவருடைய மருமகன். "மாமா பூட்டாருங்க. மத்தியானம் சாப்ட்டு படுத்தவரு எய்ந்திரிக்கல" என்றார். அவர் போன செய்தியைக்கூட அவர் சட்டப்படி தாமதமாகத்தான் கேட்டேன்.

உத்திரமேரூர் பக்கம் மின்சார வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பம் ஏறும் முன், கம்பியில் மின்சாரம் மிச்சமில்லை என்று உறுதி செய்ய, நீளமான எர்த் ராடு ஒன்றை மாட்டுவோம். தினமும் காலையில் அதன் நுனியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்ப்பார். கொஞ்சம் வளைந்தாலும் மூலையில் எறிந்துவிடுவார். "வளையற கம்ப நம்பி வூட்டுக்குப் போவ முடியாதுடா கோபாலு" என்பார். மனிதரும் அப்படித்தான், இம்மி வளைய மாட்டார். அவரிடம் நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் ஈரக் கம்பத்தில் கால் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. அலுவலகத்தில் புகார் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கை நடுங்கிப் பாதி சிந்தியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பூனில் சாப்பிட்டார். கல்யாண வீடுகளுக்கு மொய்க் கவரை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது.

"சம்பந்திகூட பந்தில குந்தணுமேடா. பொண்ண பெத்தவன் ஸ்பூனு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார். "நான் இன்னா கொயந்தையா?" என்று அதைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டார். அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் தூண்டிலில் மாட்டும் பிளாஸ்டிக் மீன் ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் கொக்கிகள், மூக்கில் கரண்டி மாதிரி அகலமான தகடு. தூண்டில் நரம்பில் கட்டி எறிந்து, நரம்பை ராட்டையில் சுற்றினால், தகடு தண்ணீரைத் தள்ளத் தள்ள மீன் ஆழத்துக்குப் பாயும். எங்கள் ஏரியில் மற்ற இடங்களில் சேறுதான் வாரும், மதகடியில் இருக்கும் ஆழமான மடுவில்தான் அதற்கு வேலை. என் ராட்டையையும் தூண்டில் கம்பையும் வாங்கி ஒரு தடவை இழுத்தவர் முகம் மாறியது. "தோள் வரைக்கும் இசுக்குதுடா. பந்துக்கு இது தேவல" என்றார்.

உடனே சென்னைக்குப் போய், கடையிலிருந்த கம்புகளை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றி அழுத்தி, துளியும் வளையாத ஒன்றை வாங்கி வந்தார். முப்பது வருடப் பழக்கம், எங்கே போகும்? நானும் கூட நின்று தலையாட்டினேன்.

ஒரு மாதத்தில் மூன்று பெரிய வாளை மீன்கள் கடித்தன. மூன்றும் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு போயின. பத்துத் தடவை எறிந்தாலே மணிக்கட்டு வீங்கியது. மூன்றாவது வாளை போன அன்று கம்பு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. கரையில் உட்கார்ந்துவிட்டார். "அவ்ளோதாம்பா. என் கை இனிமே எதுக்கும் ஆவாது."

அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு கமால் பாய் கடைக்குப் போனேன். பாய் பஜாரில் குடை ரிப்பேர் செய்பவர், தூண்டில் சாமானும் விற்பார். கம்பை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சிரித்தார். "இன்னா போர்மேன், கொடிக்கம்பத்த புடுங்கியாந்துட்டியா?" உள்ளே போய், நீளமான பிடி வைத்த ஒரு பழைய கண்ணாடியிழைக் கம்பைக் கொண்டுவந்தார். "வளையுது, வளையுதுன்னு ஒருத்தனும் வாங்கல."

பிறகு போர்மேனை முதலில் அவருடைய கம்பையே பிடிக்கச் சொல்லி, நரம்பின் முனையை என் கையில் கொடுத்து, "நீதான் வாளை. ஓடு" என்றார். பட்டப்பகலில் பஜார் நடுவே நான் தலையை உதறிக்கொண்டு ஓடினேன். பூக்கடைக்காரம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. கொடிக்கம்பத்தில் நான் உதறிய ஒவ்வொரு உதறலுக்கும் போர்மேன் "ஸ்ஸ்" என்று முகம் சுளித்தார். பழைய கம்பின் பிடியை அக்குளில் இடுக்கச் சொன்னார் பாய். நான் இழுத்தேன். கம்பு பாதி வரை வளைந்து கொடுத்தது, போர்மேன் அசையவில்லை.

"கரண்டி மூக்கு மீனு சும்மாவே இசுக்கும். வாளையும் சேர்ந்து இசுத்தா யாராவது விட்டுக் குடுக்கணும். கம்பு குடுக்கலன்னா கொக்கி குடுக்கும், இல்ல உன் கை குடுக்கும்" என்றார் பாய்.

போர்மேன் கம்பை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வளையற கம்ப ஆயுசுல எடுத்ததில்ல பாய்" என்று முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

அதன்பின் தினமும் காலையில் மதகடிதான். பத்துத் தடவை இருபதாகி, இருபது ஐம்பதானது. முதல் வாளை கரையேறியபோது கம்பு வில்லாக வளைந்து நின்றது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கரைக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. அதற்காக அவர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்ற நாள் வரை எங்கள் எர்த் ராடை அழுத்திப் பார்த்துத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

வைகாசியில் கல்யாணப் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் இருந்து நான் அவர் கையையே பார்த்தேன். சாம்பார் சோறு சிந்தாமல் தப்பித்தது. ரசம் வந்தது. ஓடுகிற ரசத்தைச் சோற்றோடு அணைத்து, அள்ளி, ஒரு பருக்கை சிந்தாமல் வாயில் போட்டார். என்னைப் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரிடம், "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். மிளகாய் காரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

செவ்வாய் மாலை அவர் வீட்டுக்கு நான் போனபோது இன்னும் குளிப்பாட்டவில்லை. அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், என்னைப் பார்த்ததும், "காரக்கொயம்பு வெச்சேம்பா. ரெண்டு தபா வாங்கிக்கினாரு. தட்ட வயிச்சி, வெரல நக்கிக்கினே எய்ந்தாரு. கை சரியா கய்விட்டு படுய்யான்னேன், கேக்கல" என்று சொல்லி அழுதார். போர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நக இடுக்கில் குழம்பின் மஞ்சள் இன்னும் இருந்தது. வயிறாரச் சாப்பிட்டீங்க அண்ணா, நிம்மதியாகப் போய் வாருங்கள்.