வேப்பங்குலை கட்டிய வீடு

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பிரசவத்தில் செத்துப்போனாள். அவளுக்குக் கல்யாணம் நடந்தது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூட டீச்சரும் கிராம நர்ஸும் நானும் பேசி வைத்தோம்: எந்தப் பெண் பிள்ளையாவது மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால், உடனே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது.

பங்குனியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரவில்லை. போனோம். வாசல் நிலையில் வேப்பங்குலை. அம்மை கண்ட வீட்டுக்குள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை, எங்கள் பக்கம் வெளியாள் காலடி வைக்கமாட்டார்கள்.

"ஆத்தா எறங்கியிருக்கா, உள்ள வராதீக," என்றாள் தாய். திரும்பிவிட்டோம். இப்படி மூன்று தடவை.

நாலாவது தடவை நானும் நர்ஸும் உச்சிவெயிலில் போனோம். தெருவில் ஒரு கோழிகூட இல்லை. எங்களைப் பார்த்ததும் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. முதலில் பார்த்து ஒன்பது நாளாகியும் வேப்பங்குலை வாடாமல் பச்சையாக இருந்தது; யாரோ மாற்றி மாற்றிக் கட்டுகிறார்கள். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. அம்மை கண்ட வீட்டில் எவளும் தாளிக்கமாட்டாள்.

நர்ஸ் என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, நெசமாவே ஆத்தாவா இருந்தா?"

"இருந்தா என்னயத் தூக்கிட்டுப் போகட்டும். வா."

உள்ளே இருட்டு. மூலையில் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு அம்மை முத்து இல்லை. கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"வாசல்ல நீங்க பேசுனது எல்லாம் கேட்டுச்சு," என்றாள். குரலில் அழுகை இல்லை. "நாளைக்கு அவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாக."

அடுப்படியிலிருந்து தாய் பாய்ந்து வந்தாள். "வயசுக்கு வந்தவள ஒத்தையில விட்டுட்டுக் காட்டு வேலைக்குப் போறேன். யாரு காவலு? நீ வந்து காப்பியாடி?"

பிள்ளைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். நர்ஸ் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. பிள்ளை ஏறும்போதும் ஒரு கதவும் திறக்கவில்லை.

விடுதியில் சேர்த்தார்கள். இப்போது பத்தாம் வகுப்பு. டீச்சரிடமும் நர்ஸிடமும் பேசுகிறாள். எனக்கு முகம் கொடுக்கமாட்டாள். "சரி மதினி, தண்ணி ஊத்துனதும் வாரேன்" என்று வாசலில் நின்று மூன்று தடவையும் சொன்னது நான்தானே. மாதம் ஒருமுறை போகிறேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.