அக்காவின் முழங்கைக் கோணம்

ஒரு கவளம் சோறு வாய்க்குள் போக முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும்? யோசித்திருக்கிறீர்களா? என் அக்கா கோமதிக்கு மாவுக்கட்டு பிரிக்கும் வரை நானும் யோசித்ததில்லை.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை, ‘ட’ எழுத்து மாதிரி செங்கோணத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் மடங்க மாட்டேன் என்று அடம்.

அத்திம்பேர் ஊட்டிவிட்டார். வீட்டுக்குள் சரி... கல்யாணப் பந்தியில்?

“நாலு பேர் எதிர்ல ஊட்டிவிடுவேளா? நான் வரலை. நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ.”

தெருவையே கூட்டிவைத்துச் சிரிக்கிறவள், வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அத்திம்பேருக்கு மனசு கேட்கவில்லை. ஆரியசாலைப் பாத்திரக் கடைகளில் அலைந்து, நீளக் காம்பு வைத்த ஸ்பூன் ஒன்று வாங்கிவந்தார். கை மடங்காமலே சாதம் வாய்க்கு வந்தது! அன்று அக்கா ரசம் இரண்டாம் முறை கேட்டாள்.

அந்த ஸ்பூனைப் பார்த்ததும் பிசியோதெரபிஸ்ட் அஞ்சு முகம் சுளித்தாள். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் மலையாளிப் பெண்.

“இது வேண்டா சேச்சி.”

பேப்பரில் இரண்டு கோடுகள் வரைந்தாள். இரண்டும் சந்திக்கும் முனையில் ஒரு புள்ளி. “இதாணு சேச்சியோட கைமுட்டு.” பிறகு ஒரு கோட்டை மட்டும் பேப்பரின் ஓரம் வரை இழுத்தாள். “வரை எத்ர நீட்டியாலும் கோண் மாறில்ல.”

கோட்டை எவ்வளவு நீட்டினாலும் கோணம் மாறாது! ஸ்பூன் நீண்டிருக்கிறதே தவிர, முழங்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்படியே விட்டால் அப்படியே நின்றுபோகும் என்றாள்.

“பாவம், அவ சாப்பிடட்டுமேன்னுதான்...” அத்திம்பேர் குரல் இறங்கிவிட்டது.

நாமும் வேண்டியவர்களுக்கு இதைத்தானே செய்கிறோம்? வலிக்கிற முனையை விட்டுவிட்டு, வலிக்காத கோட்டை நீட்டிக்கொண்டே போகிறோம் — அன்பு என்ற பெயரில்.

ஸ்பூன் பரணுக்குப் போனது. தினமும் பயிற்சி. அக்கா பல்லைக் கடித்து அழுவாள். “விட்டுடு அஞ்சு, இந்தக் கை இவ்வளவுதான்!” அத்திம்பேர் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கோணம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேதான் சாப்பிட்டேன். அக்கா சாம்பார் சாதத்தைப் பிசைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். பாதி புடவையில். மீதி... வாயில்!

“டேய், பார்த்தியாடா!”

அத்திம்பேர் சாதக் கரண்டியை எடுத்தார். இலையில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தார், அவ்வளவுதான். சாயங்காலம் அஞ்சு அளந்து பார்த்து, “போன தடவையைவிட பத்து டிகிரி கூடுதல் மடங்கி, சேச்சி!” என்று கைதட்டினாள். அக்காவும் அத்திம்பேரும் சேர்ந்து அழுதார்கள்.

படித்தவர்கள் நிறைந்த குடும்பம்தான் எங்களுடையது... ஆனாலும், டிகிரி வாங்கியதற்கு யாரும் இப்படி அழுது பார்த்ததில்லை!