அரை அரிசி அளவில் ஒரு கொக்கி

எனக்கு இழுவைக் கப்பலில் வேலை. துறைமுகத்துக்குள் வரும் பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்தும் பக்கவாட்டில் முட்டித் தள்ளியும் துறைமுக மேடையோடு சேர்த்துவைப்போம். போன வருடம் ஒரு கயிறு அறுந்து தெறித்து என் வலது கையில் அடித்தது. இரண்டு விரல்களில் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன.

"சின்னச் சின்னப் பொருளா எடுத்து எடுத்து வைங்க. அப்பதான் விரல் பழகும்" என்றார் மருத்துவர்.

இதைப் போனில் கேட்ட மகள் சென்னையிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே ஓர் இழுவைக் கப்பலின் மாதிரி, துண்டு துண்டாக. சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்து வேப்பங்காய் மாதிரி பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ட்வீசர் என்கிற சின்ன இடுக்கியால் பிடித்து ஒட்ட வேண்டும். முடித்தால் ஒரு முழம் நீளத்துக்குக் கப்பல் வரும். தினமும் ஏறி இறங்கிய கப்பல்தானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். விரலுக்கு நல்லது என்றுதான் சொன்னார்கள். மனசுக்கு என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை.

ட்வீசரைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் பாகம் நழுவி விழும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தெறித்துப் பறக்கும். முறிந்த விரலுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று தெரியவே இல்லை. முதல் நாள் ஒரு விளக்கு பறந்தது. இரண்டாம் நாள் ஏணியின் பாதி. மூன்றாம் நாள் ஓர் உயிர்காப்பு வளையம். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் போனது என்று கண் சொல்வதற்குள் அது போயிருக்கும்.

எங்கள் வீட்டுத் தரை மொசைக். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். அழுக்குத் தெரியாது என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது அதில் எதுவுமே தெரியவில்லை. குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்து, டார்ச் வெளிச்சத்தைப் படுக்கவாட்டில் அடித்துப் பார்ப்பேன். நிழல் விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆசையோடு ஊர்ந்து போனால் கடுகாக இருக்கும், இல்லாவிட்டால் பல்லி எச்சம். வெட்டிப்போட்ட நகத்தை ஒருமுறை ஏணி என்று நினைத்து ட்வீசரால் எடுத்துக் கழுவிக்கூட வைத்தேன். காற்றாடியைப் போட்டால் பாகங்கள் பறக்கும். போடாவிட்டால் வேர்வை கண்ணில் இறங்கும். மடியில் வேட்டியை விரித்துக்கொண்டு வேலை செய்து பார்த்தேன். வேட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் போய் விழுந்தன.

விளக்கும் ஏணியும் வளையமும் போனால் போகட்டும், பெட்டியில் அவை ஒன்றுக்கு இரண்டாக இருந்தன. ஆனால் கொக்கி ஒன்றே ஒன்றுதான். பின்தளத்தில் கயிறு மாட்டும் கொக்கி. அரிசியில் பாதி அளவு. அது இல்லாவிட்டால் இழுவைக் கப்பல் வெறும் படகு. அதனால் அதை மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். ஒட்டும் இடத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். முறிந்த விரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியது. 'டிக்.'

காலை பதினொரு மணியிலிருந்து சாப்பாட்டு நேரம் தாண்டியும் தேடினேன். சோஃபாவைத் தள்ளினேன், சட்டையை உதறினேன், தலைமுடியைச் சீப்பால் வாரி ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு ஆறுது."

"ஏளா, அங்கனயே நில்லு. கால எடுத்து வைக்காத."

"நான் அடுப்படிக்கு எப்படிப் போறது? பறந்தா?"

"நான் சொல்லுத வரைக்கும் இந்த ரூமப் பெருக்கக் கூடாது."

அவள் சுவரோரமாகக் காலை வைத்து அடுப்படிக்குப் போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தால் வீடு பளிச்சென்று இருந்தது. நாற்காலிகள் அவற்றின் இடத்துக்குப் போயிருந்தன.

"பெருக்கிட்டியா?"

"ஒரு நாள் முழுக்கப் பொறுத்தேன். எறும்பு சாரை சாரையா வருது. பெருக்கிக் குப்பை வண்டியில கொடுத்தாச்சு."

கைலியும் தோளில் துண்டுமாகத் தெருவில் ஓடினேன். குப்பை வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டிக் கத்தினேன். வண்டியோடு வரும் பெண் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்ன அண்ணாச்சி, இப்படி ஓடியாறிய? எதையும் தொலைச்சிட்டியளா?"

எதிர்வீட்டுக்காரர் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். ஐம்பத்து நான்கு வயசு ஆள், ஈரத் தலையோடு, விளையாட்டுக் கப்பலின் பிளாஸ்டிக் துண்டைத் தேடி ஓடி வந்திருக்கிறேன் என்று என் வாய் சொல்ல மறுத்தது.

"கம்மல்" என்றேன். "தங்கம். குப்பையோட போயிட்டு."

அவள் முகம் மாறியது. ஓட்டுநரைக் கூப்பிட்டு வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். ஒரு சாக்கைக் கிழித்துத் தெருவில் விரித்து, எங்கள் தெருக் குப்பை முழுவதையும் அதில் கொட்டினாள். கையுறை போட்டால் சின்னது அகப்படாது என்று அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். மீன் செதிலையும் டீத்தூளையும் முடிக்கற்றையையும் வெறும் விரலால் விலக்கினாள். ஓட்டுநரும் உட்கார்ந்துவிட்டார். குடத்தோடு நின்றவர்கள் குடத்தை இறக்கிவிட்டுக் குனிந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் போனில் லைட் அடித்தார், அந்த வெயிலில். நானும் தேடினேன். அவர்கள் மஞ்சளாக மின்னுவதைத் தேடினார்கள், நான் சாம்பல் நிறத்தைத் தேடினேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பெண் நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, கிடைக்கலன்னா எங்களத்தான் சொல்லுவாவ. நாங்க எடுக்கல. நீங்க பாத்துக்கிட்டுதான இருக்கிய?"

இப்படி ஒரு பக்கம் என் பொய்க்கு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வாயைத் திறப்பதற்குள் என் மனைவி வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடி வந்திருக்கிறாள்.

"என்ன தேடுதிய எல்லாரும்?"

"ஒங்க கம்மலத்தான் அக்கா" என்றாள் குடத்துக்காரி. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "காதுல ரெண்டும் கெடக்கே?"

மனைவி தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கம்மல் இல்ல" என்றேன். "கப்பல் பொம்மைக்கு உள்ள கொக்கி. பிளாஸ்டிக்கு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள்.

"பிளாஸ்டிக்குன்னு சொல்லிருந்தாலும் தேடித்தான் கொடுத்திருப்பேன் அண்ணாச்சி. தங்கம்னு சொன்னதும் எனக்கு ஈரக்குல நடுங்கிட்டு. இத்தன வருசத்துல ஒரு சொல்லு வாங்குனதில்ல நான்."

"தப்புதாம்மா. மன்னிச்சுக்க."

அவள் குப்பையை அள்ள ஆரம்பித்தாள். நானும் குனிந்து இடது கையால் அள்ளினேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வண்டி கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மேசையில் கிடந்த கப்பலைப் பார்த்தபோது தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. கப்பல் மேல் கோபமா, விரல் மேல் கோபமா, என் மேலேயா என்று பிரிக்கத் தெரியவில்லை. மனைவி அன்று மாலை ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "என்னையத் திட்டிருந்தாகூடப் பரவால்ல, அந்தப் பொம்பளைய இப்படிப் பயங்காட்டிருக்கக் கூடாது."

கெட்டுப்போன ஒரு சார்ஜர் ஒயரைச் சீவி, உள்ளே இருந்த செம்புக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்தேன். முதல் கொக்கி பறந்தது. இரண்டாவதும் பறந்தது. மூன்றாவதை வளைக்கும்போது கம்பி ஒடிந்தது. நாலாம் நாள்தான் ஒன்று ஒட்டியது. இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக, சற்றுக் கோணலாக. பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தியது. ஆனால் அதைப் பிடுங்கிவிட்டு இன்னொன்று செய்யத் தெம்பில்லை.

தெருவில் குப்பையைக் கொட்டித் தேடிய மறுநாளிலிருந்து காலையில் குப்பைக்கூடையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் அந்தப் பெண் பேசாமல் வாங்கிக்கொண்டாள். எட்டாம் நாள் கூடையைத் திருப்பித் தரும்போது கேட்டாள்.

"அந்தக் கப்பல் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுட்டு. உள்ள வந்து பாக்கியளா?"

"நேரமில்ல. இங்கன கொண்டாங்க, பாப்போம்."

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். அவள் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள்.

"நெசக் கப்பல் மாதிரியேதான் இருக்கு. எது அந்தக் கொக்கி?"

காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இத்துனூண்டா?" என்றாள். "இதையா அந்தக் குப்பையில தேடச் சொன்னிய?"

உதட்டோரம் லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. வண்டி ஹாரன் அடித்தது. அவள் போய் ஏறிக்கொண்டாள். நான் திரும்பி உள்ளே நுழையும்போது கப்பலின் உச்சிக் கம்பம் வாசல் கேட்டில் இடித்தது. கம்பத்தின் நுனியில் இருந்த ஆன்டெனாவைக் காணவில்லை. அதை ஒட்ட எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

கப்பலைச் சுவர் மேல் வைத்துவிட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே வாசல் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் பைக்கை வெளியே எடுத்தார்.

"இன்னைக்கு என்ன அண்ணாச்சி, தங்கமா?"

"பிளாஸ்டிக்குதான்" என்றேன், தலையை நிமிர்த்தாமல். "பாத்து ஓட்டுங்க."