அம்மா தேறி வரும்வரை

சிங்கப்பெருமாள் கோயிலில் ரெபேக்காள் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கத் தினமும் ஓடும் ஆபிரகாமின் மனைவி. பிள்ளை இல்லாத அந்த வீட்டுக்கு ஆறு வயது தன்ஷிகா வந்தபோது, தத்தெடுத்துவிட்டாயா என்று தெருவே துளைத்தெடுத்தது. தத்து இல்லை, பெற்றவள் தேறி வரும்வரை வளர்த்துக் கொடுப்பது என்று ரெபேக்காள் வாய் வலிக்கச் சொன்னாள். ஊருக்குப் புரிந்தது. அவள் மனசுக்குத்தான் புரியவில்லை, அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது.

பெற்றவள் சுஷ்மிதா சதுரங்கப்பட்டினத்துக்காரி. கணவன் இல்லை. காசநோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குழந்தையின் சாமி மாறக்கூடாது என்று அவளை ஒப்படைத்த குழந்தைகள் நல அதிகாரி சொல்லியிருந்ததால், ரெபேக்காளே கடைக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு வாங்கினாள். வேதக்காரிக்கு எதுக்குப் பொட்டு என்று கடைக்காரர் கிண்டலடித்தார், அவள் இன்னொரு அட்டையும் சேர்த்துக் கேட்டாள். சாயங்கால ஜெபத்தில் சுஷ்மிதாவைச் சுகமாக்கும்படி தினமும் வேண்டுவாள். அம்மாவின் பெயரைக் கேட்பதற்கென்றே தன்ஷிகா பக்கத்தில் வந்து உட்காருவாள்.

நோய் குணமாகிவிட்டது, அடுத்த மாதம் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று தகவல் வந்த அன்று ஜெபம் சீக்கிரமே முடிந்தது. எழுந்தவளின் புடவையைப் பிடித்து இழுத்தாள் தன்ஷிகா.

"எங்கம்மா பேர வுட்டுட்டியே பெரிம்மா."

மறந்துவிட்டேன் என்று சமாளிக்கலாம். ஆனால் ஆண்டவர் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறாரே! ரெபேக்காள் மறுபடி முட்டி போட்டுப் பெயரைச் சொன்னாள். இனி எந்தப் பிள்ளையும் வேண்டாம், என்னால் தாங்க முடியாது என்று ஆபிரகாமிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

சுஷ்மிதா வந்தாள். நோய்க்காலப் பழக்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மகளும் நகரவில்லை. ரெபேக்காளுக்குப் பொறுக்கவில்லை.

"அதான் டாக்டரே சொல்ட்டாரே, இன்னும் இன்னாத்துக்குத் தள்ளி நிக்கிற? வாரி எடும்மா" என்று குழந்தையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். சுஷ்மிதா எடுத்தவள் வெகுநேரம் இறக்கவே இல்லை.

கிளம்பும்போது தன்ஷிகா அம்மாவின் இடுப்பிலிருந்தே கேட்டாள். "இனிமே யாருக்கு ஜெபம் பண்ணுவ பெரிம்மா?"

"அடுத்து வர்ற பாப்பாவோட அம்மாவுக்கு" என்றாள் ரெபேக்காள், யோசிக்காமலே.

ஆபிரகாம் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வாயிலிருந்து வந்த பிறகுதான் ரெபேக்காளுக்கே அது தெரிந்தது. அழுதுகொண்டிருந்த அவளும் சிரித்துவிட்டாள்.