ஒரே கணினியில் இரண்டு கம்பைலர்

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் லினக்ஸ் போட்ட கணினி ஒன்றுதான். அதில்தான் நான் வெளியூர் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். என் கணவர் நெல் உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கிறார். அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் புரோகிராமை அவரே எழுதினார்.

போன தை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த நெல் மூட்டைகள் அவர் கொட்டகையில் வந்து குவிந்தன. "இன்னிக்கே காய வைக்கலன்னா முளைச்சிடும்ங்க" என்று பக்கத்து வயல் அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஈரம் அதிகமான நெல்லைக் கடும் சூட்டில் காய வைத்தால் அரிசி உடைந்துவிடும் என்பதால் சூட்டைக் குறைக்க வேண்டும். அதற்காகப் புரோகிராமில் இரண்டு எண்களை மாற்ற என் கணவர் வீட்டுக்கு ஓடி வந்தார்.

மாற்றியதைக் கம்பைலரிடம் கொடுத்தால்தான் இயந்திரத்துக்குப் புரியும்படி ஆக்கித் தரும். அதுவோ திரை நிறையப் பிழைகளைக் காட்டியது.

"என்னம்மா இது, ரெண்டே நம்பரைத்தான் மாத்துனேன்."

பார்த்தேன். ஒரே பெயரை ஐந்தாறு கோப்புகளில் அறிவித்திருந்தார். பழைய கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது, புதியது விடவில்லை.

"தப்பு உங்க புரோகிராம்லதான்" என்றேன். பாதியை மறைக்கிறோமே என்று உறுத்தியது. "ஆனா என் வேலைக்குன்னு முந்தாநாள் கம்பைலரோட பன்னிரண்டாம் வெர்ஷனைப் போட்டேன். இருந்த ஒன்பதை எடுத்துட்டேன்."

"சொல்லிட்டு எடுத்திருக்கலாம்ல?" தலையில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிக்கொண்டே கேட்டார். "எல்லாத்தையும் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள் ஆகும்."

"நெல்லு தாங்காதே. பழசைத் திரும்பப் போட்டா உன் வேலை என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

ஒன்பதை மறுபடி நிறுவினேன். ஒவ்வொரு பதிப்பும் தன் எண்ணோடு தனிப் பெயரில் உட்கார்ந்துகொள்வதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யவில்லை. வெறுமனே ஜிசிசி என்று கம்பைலரின் பெயரை மட்டும் கொடுத்தால் பன்னிரண்டு வரும்படி வைத்தேன். எந்தக் கம்பைலர் வேண்டும் என்று சொல்லும் அவருடைய கோப்பில் மட்டும் ஒன்பதின் பெயரை முழுதாக எழுதினேன். ஒரு பிழைகூட வரவில்லை.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு வண்டியில் பறந்தார். நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மாலையில் அந்த அக்கா காய்ந்த நெல்லை அள்ளி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார்.

கோடையில் இவர் தன் புரோகிராமைத் திருத்திவிட்டார். இனி ஒன்பது தேவையில்லை என்று நினைத்த வாரமே, என் கம்பெனி பழைய வேலை ஒன்றை ஒன்பதில்தான் செய்ய வேண்டும் என்று அனுப்பியது. இவர் சிரித்துக்கொண்டே போய் இரண்டு பேருக்கும் டீ போட்டார்.